அறிக்கையில் இல்லாத பதினைந்து நிமிடம்

அன்புள்ள நால்வருக்கும்,

உங்கள் கடிதம் கண்டிக்கு வந்து சேர்ந்தது. உங்கள் கடற்படைப் பயிற்சி வகுப்பில் என் பழைய அறிக்கை ஒன்றைப் பாடமாக வைத்திருக்கிறார்களாம். "தகவல் கிடைத்தது மூன்று நாற்பது, ஆற்றில் இறங்கியது மூன்று நாற்பத்து நான்கு" என்று பயிற்றுநர் பலகையில் எழுதி, நான்கே நிமிடத்தில் எடுத்த முடிவைப் பாருங்கள் என்றாராம். நம்மைப் போல வெளியிலிருந்து வந்து அந்தக் கடற்படையில் சேர்ந்த ஒருவர், அதிலும் தமிழர், இப்படிப் பெயர் எடுத்திருக்கிறாரே என்று உங்களுக்கு ஒரே பெருமை. அவ்வளவு வேகமாக முடிவெடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் நான் சரியாகப் பேசவில்லை. கட்டுகஸ்தோட்டையில் நான் வாடகைக்கு இருக்கும் மேல்வீட்டுக்குக் கீழே பஸ்கள் நாள் முழுதும் ஹோர்ன் அடிக்கும். வழக்கமாக அதற்குத்தான் எரிந்து விழுவேன். இந்த இரண்டு நாளும் அதுகூடக் காதில் ஏறவில்லை. கடைசியில் இன்று காலை கதிரையை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த அறிக்கையில் ஒரு நேரம் தப்பு. தப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது பொய்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் ஆள் நானில்லை.

பன்விலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள், ஒரு வீட்டுக்கு ஓர் அறை. இருபது வயதில் ஓட்டல் சமையலறை வேலைக்கென்று, நீங்கள் இப்போது இருக்கும் அந்தக் குளிர் நாட்டுக்குப் போனேன். நான்கு வருடம் தட்டுக் கழுவினேன். கடற்படையில் வெளிநாட்டுப் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் வரிசையில் நின்றேன். அதுவரை நான் கடலைப் பார்த்தது இரண்டே தடவை, அதில் ஒன்று விமானத்திலிருந்து. பெருமாள் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை, 'பெரி' ஆகிவிட்டது. ஊர் எது என்று கேட்டால் 'கண்டி' என்பேன். ஏரியும் யானை ஊர்வலமும் படத்தில் பார்த்திருப்பார்கள், மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். லயம் என்ற சொல்லை முப்பது வருடமாக எந்தக் கப்பலிலும் நான் உச்சரித்ததில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

தொடக்கத்தில் எனக்கு இருந்த நோய் வேறு. எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுவது. தோட்டத்தில் தொரை ஏதாவது சொன்னால் "சரிங்க" என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பதில். அதையே கப்பலுக்கும் கொண்டுபோனேன். ஒரு பனிமூட்டத்தில், வழிநடத்தும் அதிகாரி என்னிடம், "இடப்பக்கம் வெளிச்சம் தெரிகிறதா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "தெரிகிறது" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அங்கே வெளிச்சமே கிடையாது. உன்னைச் சோதிக்கத்தான் கேட்டேன். எனக்கு ஆமாம் சாமி போட ஆள் வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாவிட்டால் ஒரு நாள் என்னையும் கொல்வாய், நீயும் சாவாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கூடுதலாக உறைத்தது. அன்று முதல் 'தெரியாது' என்று சொல்லப் பழகினேன், அதனாலேயே அதிகாரியும் ஆனேன். ஆனால் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு அவர் கற்றுக்கொடுக்கவில்லை. அப்படியொரு பாடம் தேவைப்படும் என்று அவரும் நினைத்திருக்கமாட்டார்.

இனி அந்த நாள்.

புயல் மழையில் கண்டி மாவட்டமே மண்சரிந்து கிடந்த நேரம். பக்கத்துக் கடலில் இருந்த எங்கள் கப்பல் உதவிக்கு வந்தது. மலைக்குப் போகும் பத்துப் பேர் குழுவுக்கு என்னைத் தலைவனாக்கினார்கள். நான் ஓய்வு பெற அப்போது ஒரு வருடம் இருந்தது. புறப்படும்போது கப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ எங்கள் அதிகாரியாகப் போகிறாய், அந்த ஊர்ப் பிள்ளையாக அல்ல. அந்த நாட்டில் எந்த மொழியில் வாயைத் திறந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்ததாக எடுத்துக்கொள்வார்கள். மொழிபெயர்ப்பாளர் மூலம் மட்டும் பேசு" என்றார். நியாயமான கட்டளை. ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு ஏன் அவ்வளவு நிம்மதி வந்தது என்று அன்று நான் யோசிக்கவில்லை. துறைமுகத்தில் என் கடவுச்சீட்டில் வெளிநாட்டவர் என்று முத்திரை குத்தினார்கள். நான் பிறந்த மண்ணில் முப்பது நாள் தங்க எனக்கு அனுமதி கிடைத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தெல்தெனியவில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் முகாம். மொழிபெயர்க்க வந்தவர் அங்கே படிப்பிக்கும் பாரூக் மாஸ்டர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த மனிதர். ஆங்கிலத்தை மட்டும் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, வியர்த்து விறுவிறுத்துப் பேசுவார். இரண்டு நாள் அவர் என்னோடு அப்படி மல்லுக்கட்டியதைப் பார்த்துக்கொண்டே, நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் எங்களைப் பன்விலப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். நான் பிறந்த தோட்டம் அல்ல, அதற்கு அடுத்த மலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு லயம். அதற்கு மேலே மலையில் நீளமாக ஒரு வெடிப்பு. பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. லயத்து ஆட்களைக் கயிறு கட்டி இக்கரைக்குக் கொண்டுவந்து, தேயிலை ஸ்டோருக்குள் தங்கவைக்க வேண்டும். கயிறு கட்டுவதில் கெட்டிக்காரன் மார்க் என்ற மாலுமி. இருபத்தெட்டு வயது, எருமைக்கடா மாதிரி உடம்பு, யாருக்கும் முகம் சுளிக்கத் தெரியாத குணம். வெள்ளம் அப்போது வடிந்து, தண்ணீர் முழங்கால் அளவுதான் ஓடியது. மூன்று இருபதுக்குள் எல்லோரையும் கொண்டுவந்துவிட்டோம். தோட்ட அலுவலகம் தந்த பட்டியலில் முப்பத்தெட்டுப் பேர். ஸ்டோரில் நான் தலைகளை எண்ணினேன். முப்பத்தெட்டு.

"எல்லாரும் வந்துட்டாங்களாண்டு கேட்டேன் சேர், எல்லாரும் வந்துட்டாங்கண்டு செல்றாங்க" என்று பாரூக் மாஸ்டர் தன் ஆளிடம் பேசுவதுபோலத் தமிழிலேயே தொடங்கி, தலையில் தட்டிக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினார்.

ஒரு பெண் எனக்குப் பால் கலக்காத பிளேன்டீ கொண்டுவந்து தந்தாள். நன்றி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கோப்பையை வாயில் வைத்தேன். அவள் இரண்டடி தள்ளிப்போய் இன்னொருத்தியிடம் பேசினாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"சொல்லிறாதடி. சொன்னா அம்மாவத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போயிருவாங்க. அண்ணன்தான் கூட இருக்குல்ல. மழை விட்டதும் நாமளே போயி அடக்கம் பண்ணிக்கலாம்."

"ஆளு கணக்கும் சரியாப் போச்சு. எழவுக்குன்னு நாங்க ரெண்டு பேரு தெல்தோட்டையில இருந்து வந்ததும் நல்லதாத்தான் போச்சு."

"இந்தத் தொரையப் பாரு, மூஞ்சி நம்மாளு கணக்கா இருக்கு."

"இந்தியாக்காரனா இருப்பான். தமிழு தெரிஞ்சா இந்நேரம் பேசியிருக்க மாட்டானா?"

அப்போது மணி மூன்று இருபத்தைந்து.

எனக்கு முழுதும் விளங்கிவிட்டது. லயத்தில் ஒரு பிணம் இருக்கிறது. டீ தந்தவளின் அம்மா. மழையில் அடக்கம் செய்ய முடியவில்லை. பிணத்தைத் தனியாக விடக்கூடாது என்று மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அந்த இரண்டு பேரும் பட்டியலில் இருக்கிறார்கள், ஆற்றைக் கடக்கவில்லை. பட்டியலில் இல்லாத இரண்டு உறவினர்கள் கடந்து வந்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு என்ற கணக்குச் சரி. ஆட்கள்தான் தப்பு. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் தலையை எண்ணியது என் முட்டாள்தனம். அதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

உடனே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பேசினால் கப்டனின் கட்டளையை மீறுவேன். எனக்கு விளங்காது என்று நம்பி அவர்கள் தங்களுக்குள் பேசியதை ஒட்டுக்கேட்டவன் ஆவேன். தானாக விரும்பி உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்காக என் ஆட்களைத் திரும்ப ஆற்றில் இறக்க வேண்டும். பேசாவிட்டால் கணக்குச் சரி, அறிக்கை சரி, அவர்கள் வழக்கப்படி அவர்கள் அம்மாவும் தனியாக இருக்கமாட்டாள். ஆனால் மலை இறங்கினால் அவன் செத்துப்போவான். இதையே திருப்பித் திருப்பி நினைத்தேன். ஒவ்வொரு சுற்றும் வேறு முடிவில் வந்து நின்றது. நான் யாருடைய ஆள் என்றே தெரியவில்லை. அந்தக் குழப்பத்தில் பாதி நிஜம். மீதிப் பாதி சாக்கு. வாயைத் திறந்தால் லயத்துத் தமிழ்தான் வரும், என்னிடம் வேறு தமிழ் இல்லை. அதைக் கேட்ட மாத்திரத்தில் நான் எங்கே பிறந்தவன் என்று அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அந்த வெட்கம்தான் நாக்கைக் கட்டிப் போட்டது.

மழை மறுபடி பிடித்தது. மார்க் வந்து, "கயிற்றை அவிழ்க்கலாமா?" என்று கேட்டான். "பொறு" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. முதல் கோப்பை முடிந்தது. அந்தப் பெண் இன்னொன்று ஊற்றித் தந்தாள். அதையும் குடித்தேன்.

மார்க் இரண்டாம் தடவை வந்தான். "தண்ணீர் ஏறுகிறது. இப்போது அவிழ்க்காவிட்டால் பிறகு முடியாது" என்றான். கயிறு போனால் அக்கரை போயிற்று. அப்போதுதான், முப்பது வருடமாக மூடிக் கிடந்தது திறந்தது.

"அக்கா, அங்கன இருக்கிற ஒங்க அண்ணன் பேரு என்ன?"

அந்தப் பெண்ணின் கையிலிருந்த, டீ ஊற்றும் கேத்தல் அப்படியே நின்றது. அவள் பெயர் லெட்சுமி என்று பிறகுதான் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"முருகேசு" என்றாள். "தமிழு தெரிஞ்சுக்கிட்டா இம்புட்டு நேரம் நின்னீங்க?"

கோப்பையைக் கீழே வைத்தேன். பாரூக் மாஸ்டர் கண்ணை அகல விரித்தார். "அல்லாஹ்! சேர், நீங்க தமிழா? ரெண்டு நாளா ஒங்களோட இங்கிலீசு பேசிப் பேசி எனக்கு வாயே நோவுதே!" என்றார். பிறகு விஷயம் விளங்கியதும் முகம் மாறியது. "தாய்ட மையத்தத் தனிய விட்டுட்டு அவர் வரமாட்டார் சேர். எங்கட ஆக்களும் அப்பிடித் தனிய விடமாட்டாங்க" என்றார்.

வானொலியில் கப்பலைக் கூப்பிட்டேன். இன்னும் இருவர் அக்கரையில் இருக்கிறார்கள், கொண்டுவருகிறோம் என்றேன். காயமா என்று கேட்டார்கள். ஒருவர் நடக்கும் நிலையில் இல்லை என்றேன். அதற்குமேல் அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று நாற்பத்து நான்குக்கு நானும் மார்க்கும் இன்னொரு மாலுமியும் ஸ்ட்ரெச்சரோடு ஆற்றில் இறங்கினோம். மூன்று இருபதுக்கு முழங்காலில் இருந்த தண்ணீர் இப்போது இடுப்புக்கு வந்திருந்தது.

லயத்தில் நான்காவது வீடு. பெஞ்சில் வெள்ளைத் துணி போர்த்தி அம்மா. தலைமாட்டில் விளக்கு. பக்கத்தில் முருகேசு, என் வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து, பிணத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

"நீங்க போங்க சார். நா வரமாட்டேன்."

"அம்மாவையும் தூக்கிட்டுப் போவோம்" என்றேன்.

"எங்க? ஆசுபத்திரிக்கா? எங்ககிட்டத் திருப்பித் தராம எரிச்சிருவீங்களா?"

"இல்ல. அக்கரைக்குத்தான். நீங்க எங்க பொதைக்கணும்னு சொல்றீங்களோ அங்க."

"சத்தியமா?"

அங்கே ஒரு கணம் திகைத்துப்போனேன். யார் சார்பாகச் சத்தியம் செய்வது? நான் போட்டிருந்த சீருடைக்கு இந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிப் போடக்கூட அதிகாரமில்லை. எனக்கோ முப்பது நாள் தங்கத்தான் அனுமதி. இருந்தாலும் சத்தியம் செய்தேன். அவன் விளக்கை அணைக்காமல் கையில் எடுத்தான். அணையாமல் கொண்டுபோக முடியாது என்று மூன்றாம் அடியில் மழையே அவனுக்குச் சொல்லிவிட்டது.

முருகேசுவையும் சேர்த்து நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தோம். நடு ஆற்றில் ஒரு மரத்துண்டு வேகமாக வந்து மார்க்கின் இடது தோளில் மோதியது. அவன் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. பிடியை விடவில்லை. தனக்கு யாரென்றே தெரியாத ஒரு தாயின் உடம்பை, கழன்றுபோன தோளோடு, ஒற்றைக் கையால் பிடித்துக் கரையேற்றினான்.

மறுநாள் ஸ்டோருக்குப் பின்னால் மேட்டில் அடக்கம் நடந்தது. அனுமதிக்காக பாரூக் மாஸ்டர் சிங்களத்தில் யார் யாரிடமோ போராடினார். என் சத்தியத்தைக் காப்பாற்றியவர் அவர்தான்.

மலை? இறங்கவே இல்லை. இன்றுவரைக்கும் அந்த வெடிப்போடு அப்படியே நிற்கிறது. நாங்கள் போகாமலே இருந்திருந்தாலும் முருகேசு பிழைத்திருப்பான். போனது சரியா தப்பா என்று கேட்டால், சரி என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் மறுபடி சந்தேகம் வருகிறது. அதை உங்களுக்குத் தீர்த்துவைக்க என்னால் முடியாது.

ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. மார்க்கின் தோள் பிறகு சரியாகவில்லை. கையைத் தோளுக்குமேல் தூக்க முடியாதவனைக் கப்பலில் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அனுப்பிவிட்டார்கள். விசாரணையில் என்னிடம், "இருவர் அக்கரையில் இருப்பது உங்களுக்கு எப்போது தெரிந்தது?" என்று கேட்டார்கள். மூன்று நாற்பது என்றேன். அது நான் பேசிய நேரம். கேட்ட நேரம் மூன்று இருபத்தைந்து. முழங்கால் தண்ணீரில் போயிருந்தால் அந்த மரத்துண்டும் வந்திருக்காது, வந்திருந்தாலும் ஒதுங்கியிருப்போம். உங்கள் பலகையில் இருந்த அந்த நான்கு நிமிடம் இப்படி வந்ததுதான். பயிற்றுநரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். கடற்படைக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

நீங்கள் கேட்டதால்தான் முதன்முதலாக இதைச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். போன வருடமே இது வெளியே வந்துவிட்டது.

மார்க் தன் மனைவியோடு கண்டி பார்க்க வந்தான். என் வீட்டில்தான் தங்கினார்கள். அந்தத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். வேன் பிடித்து வத்தேகம வழியாகக் கூட்டிப்போனேன். முருகேசு ஓடிவந்து அவன் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவில்லை. லெட்சுமி எங்களை உட்காரவைத்து பிளேன்டீ தந்தாள். அக்கம்பக்கத்துச் சனம் எல்லாம் வாசலில் கூடிவிட்டது. ஒரே கலகலப்பு.

லெட்சுமி சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினாள். "இவரு அன்னிக்கு ரெண்டு கோப்பை டீ குடிச்சிட்டுத்தானே வாயத் தொறந்தாரு! நாங்க பேசினது அம்புட்டும் காதுல விழுந்திருக்கு, கல்லு கணக்கா நின்னாரு. சொல்லுங்க சார், அவருகிட்டச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று தெரியாமல் மார்க்கும் அவன் மனைவியும்கூடச் சிரித்தார்கள். "என்ன சொல்கிறாள்?" என்று மார்க் கேட்டான்.

அங்கே இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நீ பெரிய வீரன் என்று சொல்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அவனும் மகிழ்ந்திருப்பான், அவளும் மகிழ்ந்திருப்பாள், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பொய் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, லெட்சுமி சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மார்க்கின் மனைவி சிரிப்பை நிறுத்தினாள்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டான் மார்க்.

"பதினைந்து நிமிடம்."

"அப்போது தண்ணீர் முழங்கால் வரைதான் இருந்தது."

"ஆமாம்."

அவன் ஆற்றுப் பக்கம் பார்த்தான். பிறகு வலது கையால் கோப்பையை எடுத்து, மீதியிருந்த டீயை மெதுவாகக் குடித்து முடித்தான்.

"டீ நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொல்" என்றான்.

சொன்னேன்.